தெகிவளைக்கு வெளியே பாரில் விட்ட நங்கூரம்: எடுக்க வழி உண்டா?

ஜனவரி 11, காலை 7.40 (கேள்வி)

கொழும்புக்குத் தெற்கே, தெகிவளைக்கு நேரே வெளியே, 22 மீற்றர் ஆழத்தில், பாருக்கு (கடலடிக் கல்திட்டு) ஓரமாக நங்கூரம் போட்டிருந்தோம். 19 அடி பைபர் படகு. நாலு கொழுக்கி நங்கூரம், 8 கிலோ. 3 மீற்றர் சங்கிலி (8 மில்லிமீற்றர்), 60 மீற்றர் கயிறு. திரும்ப இழுத்தபோது கயிறு மட்டும் வந்தது. ஜிபிஎஸ்ஸில் புள்ளி இருக்கிறது. நங்கூரம் புதுசு. ஒரு சுழியோடியைக் கூட்டிக்கொண்டு போனால் கிடைக்குமா, இல்லை விட்டுத் தொலைக்கவா?

ஜனவரி 11, காலை 9.15

சுழியோடியை இப்போதைக்கு விடுங்கள். கையில் வந்த கயிற்றை அளந்தீர்களா? 60இல் எத்தனை மீற்றர் வந்தது? முனை எப்படி இருக்கிறது?

முனையைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பஞ்சுபோல் பிசிறி, கடைசி ஒன்றரை மீற்றர் மெலிந்து வந்திருந்தால் கல்லில் உரசி அறுந்தது. அப்படியானால் அநேகமாக முழு 60உம் உங்கள் கையில் இருக்கும், கீழே வெறும் இரும்பு மட்டும். முனையில் சுருக்கம் விழுந்து வளைந்திருந்தால் முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. கண்ணி முழுசாக, உள்ளே வளையத் தகடும் இருந்தபடியே வந்தால் ஷக்கிள் (கயிற்றையும் சங்கிலியையும் இணைக்கிற இரும்புக் கொளுவி) ஆணி கழன்றது. அதற்குக் கடலைக் குறை சொல்லாதீர்கள். ஆணியின் துளையில் கம்பி கோர்த்து முறுக்காமல் விட்ட ஷக்கிள் ஒருநாள் கழரும், படகு ஆட ஆட அது தானே திரும்பும். வெட்டு நேராக இருந்தால் கத்தி. புரிகள் ஒவ்வொன்றும் வேறு வேறு நீளத்தில் வெட்டுப்பட்டிருந்தால் ஒரு படகின் செலுத்தி (எஞ்சின் விசிறி).

நங்கூரம் அரை மீற்றர் நீளம். அதில் கட்டிய கயிறு 20 மீற்றர் மிச்சம் இருந்தால் தேடவேண்டியது அதைத்தான். அந்தக் கணக்குக்குத்தான் கேட்கிறேன்.

ஜனவரி 11, காலை 9.30

கயிறு நைலோனா, பொலிபுரொப்பிலீனா? தெரியாவிட்டால் ஒரு சாண் வெட்டி வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பொலிபுரொப்பிலீன், தாழ்ந்தால் நைலோன்.

ஜனவரி 11, இரவு 8.05 (கேட்டவர்)

அளந்தேன். 39 மீற்றர்தான். மூன்று புரியும் மூன்று நீளத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. நீலக் கயிறு, 12 மில்லிமீற்றர், மிதக்கிறது. ஆனால் எங்களுக்குக் கிட்டே எந்தப் படகும் வரவில்லையே, ஒன்று மட்டும் நாற்பது ஐம்பது மீற்றர் தள்ளிப் போனது.

ஜனவரி 11, இரவு 9.20

அந்தப் படகுதான்.

60இல் 39 போக மிச்சம் 21. ஆழம் 22. சங்கிலி அடியில் படுத்திருக்கும். கயிறு மிதக்கிற சாதி. காற்று விழுந்த நேரத்தில் உங்கள் படகு நங்கூரத்தை இழுக்காமல் சும்மா நின்றிருக்கும். அப்போது கயிறு சங்கிலியிலிருந்து செங்குத்தாக மேலே ஏறி, மிச்ச 38 மீற்றரும் தண்ணீர் மட்டத்தில் பாம்புபோல் கிடக்கும். வந்தவர் அதன் மேலே போனார். அவர் செலுத்தி ஒரு மீற்றர் ஆழத்தில் வெட்டியிருக்கிறது. கணக்கு அச்சொட்டாக ஒத்துவருகிறது. அவர்மேல் பிழை சொல்லவும் முடியாது, 40 மீற்றர் தள்ளி நிற்கிற படகின் கயிறு தன் முகப்புக்கு முன்னால் மிதக்கும் என்று யார் நினைப்பார்?

நல்ல செய்தி என்னவென்றால், உங்கள் நங்கூரத்தில் 21 மீற்றர் கயிறு இன்னும் இருக்கிறது, அதன் நுனி கடல் மட்டத்துக்கு ஒரு மீற்றர் கீழே நிற்கிறது. சிலிண்டரே தேவையில்லை. கண்ணாடி போட்டு, முகத்தைத் தண்ணீரில் வைத்து மிதந்து தேடினாலே, தண்டுபோல் நிமிர்ந்து நிற்கிற நீலக் கயிறு தெரியும்.

ஜனவரி 11, இரவு 10.10

புள்ளியைப் பற்றி. ஜிபிஎஸ் புள்ளியை எப்போது வைத்தீர்கள்? நங்கூரம் கையை விட்ட அந்த நொடியிலா, படகு இழுபட்டு நின்ற பிறகா? பெரும்பாலானவர்கள் எஞ்சினை நிறுத்தி, தூண்டிலை எடுத்து, ஒரு தேத்தண்ணியும் குடித்துவிட்டுத்தான் புள்ளி வைப்பார்கள். அது படகின் புள்ளி, நங்கூரத்தின் புள்ளி அல்ல.

60 மீற்றர் கயிறு இழுபட்டு நிற்க, ஆழம் 22 என்றால் கிடையாக 56 மீற்றர் தள்ளி நிற்கிறீர்கள். சங்கிலியையும் சேர்த்தால் 59 வரைக்கும் போகும். இந்த மாதத்தில் விடியற்காலை கரைக்காற்று, கிழக்கிலிருந்து. படகு நங்கூரத்துக்கு மேற்கே நிற்கும். ஆகவே புள்ளியிலிருந்து கரைப்பக்கம் 55 முதல் 60 மீற்றர். பத்து மணிக்குப் பிறகு வைத்த புள்ளி என்றால் கடற்காற்று படகைத் திருப்பியிருக்கும், கணக்குத் தலைகீழ்.

ஜனவரி 12, காலை 6.50

நேற்று இரவு 9.20க்கு எழுதியதில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். கயிற்றுத் தண்டு செங்குத்தாக நிற்கும் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

12 மில்லிமீற்றர் பொலிபுரொப்பிலீன் மீற்றருக்கு 65 கிராம் அளவில். அடர்த்தி 0.91. கடல் நீர் 1.025. கழித்துப் பார்த்தால் ஒரு மீற்றர் கயிறு தருகிற மிதப்பு வெறும் 8 கிராம். 21 மீற்றர் முழுவதுக்கும் 170 கிராம். ஒரு வாழைப்பழத்தின் கனம்! இதை வைத்துக்கொண்டு அது நீரோட்டத்தில் நிமிர்ந்து நிற்காது. கொஞ்சம் ஓடினாலும் அடியோடு சரிந்து படுக்கும்.

ஆகவே நிமிர்ந்து நிற்பது தண்ணீர் செத்துக் கிடக்கிற நேரத்தில் மட்டும். கொழும்புப் பக்கம் வற்றுப்பெருக்கு மிகச் சிறியது, இரண்டடிக்கு மேல் ஏறி இறங்காது. ஓட்டத்தைத் தீர்மானிப்பது அதைவிடக் காற்றுத்தான். இரண்டு நாள் காற்றில்லாமல் கிடந்த பிறகு வருகிற விடியலைப் பிடியுங்கள்.

இன்னொன்று, நாள் ஓட ஓட பாசியும் சிப்பியும் ஏறும். 170 கிராம் மிதப்பைத் தோற்கடிக்க அதிகம் தேவையில்லை. சில வாரத்தில் தண்டு தாழ்ந்துவிடும். போவதென்றால் சீக்கிரம் போங்கள்.

ஜனவரி 12, மாலை 5.30

தண்டு நிற்கிற நாளில் எடுக்கிற முறை. இரண்டு படகு, நடுவே 50 மீற்றர் கயிறு, கயிற்றின் நடுவில் 3 கிலோ ஈயம். படகுகள் 30 மீற்றர் இடைவெளியில், ஒரு நொட்டுக்கும் (மணிக்கு ஒரு கடல் மைல்) குறைந்த வேகத்தில், சமமாகப் போகவேண்டும். நடுப்பகுதி கிட்டத்தட்டப் பாதி ஆழத்துக்கு, 10 மீற்றருக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் தொடாததால் பாரும் உடையாது, உங்கள் கயிறும் சிக்காது.

வெறும் கயிறு போதாது. தண்டு அதன்மேல் சாய்ந்து, வழுக்கி, நுனியால் கழன்று போய்விடும். ஈயத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டரை மீற்றர் தூரத்துக்கு, அரை மீற்றருக்கு ஒன்றாக மூன்று முனைக் கொழுக்கி கட்டுங்கள். 6 மில்லிமீற்றர் கம்பியை வளைத்தாலே போதும். ஆள் ஒருவர் கயிற்றைக் கையில் பிடித்தபடி இருக்கவேண்டும். மாட்டினால் விரலுக்குத் தெரியும்: முதலில் இழுபடும், பிறகு உதறும்.

ஒரு ஓட்டம் 30 மீற்றர் அகலத்தைக் கூட்டிப் பெருக்கும். 56 மீற்றர் கணக்கு 20 மீற்றர் பிழைத்திருந்தாலும் இரண்டு ஓட்டத்தில் முடிந்துவிடும்.

ஜனவரி 12, மாலை 5.50

அடியில் கொழுக்கி இழுக்கும் வேலையை மட்டும் அந்த இடத்தில் செய்யாதீர்கள். நைலோன் கயிறாக இருந்து, அடி மணலாக இருந்தால் அதுதான் முதல் வழி என்று சொல்லியிருப்பேன்: 5 கிலோக் கொழுக்கி, முன்னால் 3 மீற்றர் சங்கிலி, ஆழத்தின் மூன்று மடங்கு கயிறு, கிடக்கிற கயிற்றுக்குக் குறுக்காக மெல்ல இழுப்பு. ஆனால் பாரில் இழுத்தால் ஒன்றுக்கு இரண்டு நங்கூரம் தொலையும். மீனுக்குப் புழு போடுவதுபோல நங்கூரத்துக்கு நங்கூரம் போடுகிற கதை.

அதைவிட முக்கியம், உங்கள் இடத்துக்குத் தெற்கே கல்கிசையில் கடலடித் தொலைத்தொடர்புக் கேபிள்கள் கரையேறுகின்றன. கடல் வரைபடத்தில் கேபிள் பகுதி குறிக்கப்பட்டிருக்கும். அதற்குள்ளே கொழுக்கி இழுத்து ஒரு கனமான, அசையாத, வழவழப்பான எதையாவது பிடித்துவிட்டால், தயவுசெய்து பலம் காட்டாதீர்கள். கயிற்றை வெட்டிவிட்டு வாருங்கள்.

வடக்கே போகிறவர்களுக்கும் ஒன்று. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021 ஜூன் 2 அன்று கொழும்புக்கு வடமேற்கே 21 மீற்றர் ஆழத்தில் தாழ்ந்தது. 1486 கொள்கலன் ஏற்றி வந்த கப்பல். அந்த வட்டாரத்தில் கொழுக்கி இழுத்துக் கிடைப்பது நங்கூரமாக இருக்காது.

ஜனவரி 14, காலை 8.00

ஒருவர் கேட்கிறார்: “இவ்வளவு சுற்று ஏன்? ஒரு சிலிண்டரோடு இறங்கி வட்டமடித்துத் தேடினால் முடிந்ததே.” முடியும். எவ்வளவு தேடலாம் என்று கணக்குப் பார்ப்போம்.

22 மீற்றரில் அழுத்தம் 3.2 பார் (இது அழுத்த அலகு, கல்லுப் பார் அல்ல). இங்கே வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் 11.1 லீற்றர் அலுமினியம் சிலிண்டர். 200 பாரிலிருந்து 50 பார் வரை பாவித்தால் 1665 லீற்றர் காற்று. சாதாரணமாக நிமிடத்துக்கு 20 லீற்றர் மூச்சு என்றால், அந்த ஆழத்தில் 64. அப்படியானால் 26 நிமிடம். வேலை செய்கிறவர் 30 லீற்றர் இழுப்பார், அப்போது 17 நிமிடம். பொழுதுபோக்குச் சுழியோடல் அட்டவணை 22 மீற்றருக்கு 37 நிமிடம் தருகிறது, ஆனால் காற்று அதற்கு முன்பே முடிந்துவிடும்.

அந்த 17இல் தேடலுக்கு ஒரு 12 நிமிடம் வையுங்கள். நடுவில் ஈயக் கட்டை, அதிலிருந்து சுருள் கயிறு. 3 மீற்றரில் ஒரு வட்டம், 6இல் ஒன்று, 9இல் ஒன்று. மூன்று வட்டமும் சேர்த்து 113 மீற்றர். அடியைப் பார்த்தபடி போனால் நிமிடத்துக்கு 10 மீற்றர். முடிந்தது, உங்கள் காற்றும் முடிந்தது. தேடியது 9 மீற்றர் ஆரம். புள்ளி 56 மீற்றர் பிழைத்திருந்தால் பத்துச் சிலிண்டர் போனாலும் கிடைக்காது.

பாரில் இந்தச் சுருள் கயிறு ஒவ்வொரு கல்லிலும் மாட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணலில் அதே கயிறு நமக்கு வேலை செய்யும். அடியில் உரசியபடி சுற்றினால் நிமிர்ந்து நிற்கிற கொழுக்கியில் அதுவே தட்டும், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும்.

ஜனவரி 14, காலை 8.20

சிலிண்டர் இல்லாமல் மேலிருந்து காற்றுக் குழாயோடு இறங்குகிற ஆட்களைக் கூலிக்குப் பிடிக்கலாமா என்று ஒரு கேள்வி. வேண்டாம். காற்று முடிவதில்லை, அதனால் ஆழத்தில் இருந்த நேரத்தை யாரும் எண்ணுவதில்லை. இரத்தத்தில் நைதரசன் ஏறுவது குழாய்க்கும் சிலிண்டருக்கும் ஒன்றுதான். மேலே வரும்போது அது குமிழாகி ஆளை முடமாக்கும். 8 கிலோ இரும்புக்கு ஒருவரின் கால்களை விலையாகக் கொடுக்காதீர்கள்.

ஜனவரி 15, இரவு 9.00

தூக்குப்பை (அடியில் காற்றை நிரப்பிப் பொருளை மேலே மிதக்கவைக்கிற பை) பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

இரும்பு கடலில் தன் கனத்தில் 87 வீதம்தான் கனக்கும். 8 கிலோ நங்கூரமும் 4 கிலோச் சங்கிலியும் 12 கிலோ; தண்ணீருக்குள் பத்தரை. பத்தரை லீற்றர் காற்று அதைத் தூக்கும். 22 மீற்றரில் அந்தப் பத்தரையை நிரப்ப மேலே 33 லீற்றராக இருந்த காற்று வேண்டும், சிலிண்டர் மானியில் 3 பார் இறங்கும். அவ்வளவுதான். பை பெரிதாக இருப்பதே நல்லது, 50 லீற்றர்ப் பை வாங்குங்கள், எதற்கும் உதவும்.

ஜனவரி 15, இரவு 9.45

50 லீற்றர்ப் பை வாங்காதீர்கள். முக்கால் மணித்தியாலத்துக்கு முன்னால் எழுதியது தவறு.

அடியில் பத்தரை லீற்றராக இருந்த காற்று மேலே வர வர விரிந்து 33 லீற்றராகும். 50 லீற்றர்ப் பையில் அந்த 33உம் அடங்கும். அதாவது மேலே வரும்போது தேவைக்கு மேல் 23 கிலோத் தூக்குவிசை சேர்ந்திருக்கும், பை வாணம்போல் ஏறும். தண்ணீரை உடைத்து வெளியே துள்ளி, கவிழ்ந்து, காற்றைக் கொட்டிவிட்டு, நங்கூரத்தோடு திரும்பவும் கீழே போகும். கீழே நிற்கிறவரின் தலைமேல். 15 லீற்றர்ப் பையென்றால் மிஞ்சியது வாயால் வழிந்துவிடும், ஏற்றமும் அடங்கியிருக்கும். கனத்துக்குக் கிட்டின பைதான் சரி.

உண்மையில் 12 கிலோவுக்குப் பையே வேண்டாம். சுழியோடியின் வேலை ஒரு முடிச்சுப் போடுவது மட்டும். மேலிருந்து ஒரு கயிற்றைக் கொண்டுபோய், இறுகாத கண்ணி முடிச்சால் நங்கூரத்தின் அடியில், கொழுக்கிகள் சேருகிற இடத்தில் கட்டிவிட்டு அவர் மேலே வரட்டும். அவர் படகுக்குள் ஏறிய பிறகு இரண்டு பேர் கையால் இழுத்தால் வந்துவிடும். சுழியோடி தண்ணீருக்குள் இருக்கும்போது கயிற்றை இழுக்காதீர்கள்.

சிலர் தாங்கள் அணிந்திருக்கிற மிதப்பு அங்கியில் காற்றை ஏற்றி நங்கூரத்தைக் கையில் பிடித்தபடி மேலே வருகிறார்கள். நடுவழியில் கை நழுவினால் நங்கூரம் கீழே, ஆள் மேலே, இரண்டும் ஒரே வேகத்தில்.

ஜனவரி 17, மாலை 6.15

சேறு வேறு கதை. களனி கங்கை வாய்ப்பக்கம், முகத்துவாரம், காக்கைதீவு, தெற்கே பொல்கொடை வாவி, இங்கெல்லாம் நங்கூரம் மாட்டுவதில்லை, புதைகிறது. சேறு உறிஞ்சிப் பிடிக்கும். 10 கிலோ நங்கூரம் 50 கிலோவுக்கு இழுத்தாலும் அசையாது. அந்த இடத்தில் பையைக் கட்டிக் காற்றை ஏற்றிக்கொண்டே போனால், பிடி விடுகிற நொடியில் மிச்சக் காற்று முழுவதும் ஒரேயடியாக அதை மேலே எறியும்.

முறை இதுதான். படகை நங்கூரத்துக்கு நேர் மேலே கொண்டுவாருங்கள். முகப்பு தாழ்கிறபோது தொய்வை எடுத்து, முகப்புக் கட்டையில் இரண்டு சுற்றுப் போட்டுப் பிடியுங்கள். அலை முகப்பைத் தூக்கும்போது கடல்தான் இழுக்கிறது, நீங்கள் அல்ல. அடுத்த தாழ்வில் கிடைத்த அரைச் சாணையும் எடுங்கள். பத்து, பதினைந்து நிமிடம் பொறுமை. வாவியில் அலை இல்லையே என்றால் மூன்று பேர் முகப்புக்குப் போய், கட்டிவிட்டு, பிறகு பின்னால் நடங்கள். அதுவே அலை.

பின்பக்கத்தில் கட்டி எஞ்சினால் இழுக்கவேண்டாம். சின்னப் படகின் பின்பலகை தாழ்வானது, எஞ்சினின் கனமும் அங்கேதான். இழுபட்டால் ஒரு அலை உள்ளே வரும், இரண்டாவது வரத் தேவையிருக்காது.

ஜனவரி 18, பகல் 1.10

கொழும்பு நகரத்துப் பேரை வாவியில் காந்தம் போட்டு நங்கூரம் எடுக்கலாமாம். அங்கே ஓடுகிற அன்னப் படகுக்கு நங்கூரம் ஏது ஐயா?

காந்தத்தைப் பற்றி ஒன்று. பெட்டியில் 300 கிலோ இழுக்கும் என்று போட்டிருப்பது தடித்த, தட்டையான, சுத்தமான இரும்புத் தகட்டில் அளந்தது. நங்கூரத் தண்டு உருண்டை, மேலே துரு, அதற்கு மேலே சிப்பி. பத்தில் ஒரு பங்கு கிடைத்தால் பெரிசு. 316 துருப்பிடிக்கா உருக்கு, அலுமினியம், ஈயம் மூன்றிலும் அது ஒட்டவே ஒட்டாது. நாக முலாம் பூசிய இரும்பில் ஒட்டும்.

நம் நாட்டு நீர்நிலைகளில் காந்தம் போடுகிறவர் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். கைக்குண்டு, எறிகணை மாதிரி எதுவும் ஒட்டிக்கொண்டு வந்தால் மேலே எடுக்கவும் வேண்டாம், உதறவும் வேண்டாம். கயிற்றை மெல்லத் தாழவிட்டு, கட்டி, தள்ளிப் போய் 119க்கு (பொலிஸ்) அழையுங்கள்.

ஜனவரி 21, இரவு 8.40

இன்னொருவர் கேட்கிறார்: “பதினொரு நங்கூரம் சேர்த்து வைத்திருக்கிறேன், எல்லாம் கொழும்புக் கடலில் எடுத்தது, இது என் சொத்துத்தானே?”

தொலைத்தவரின் உரிமை தண்ணீரில் விழுந்ததால் கரைந்து போவதில்லை. தண்டைக் கவனமாகச் சுரண்டிப் பாருங்கள். படகுக்காரர் அரத்தால் வெட்டு வைத்திருப்பார், இல்லாவிட்டால் வெல்டிங் புள்ளியால் அடையாளம் போட்டிருப்பார். இறங்குதுறையில் கேட்டால் ஆளைச் சொல்லிவிடுவார்கள். சிங்களத்திலும் அது “நங்குரம”தான், மொழி தெரியாது என்று சாட்டுச் சொல்லமுடியாது. துறைமுக எல்லைக்குள் அனுமதியில்லாமல் இறங்குவதை யோசிக்கவே வேண்டாம்.

பழையது என்றால் சட்டமே வேறு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருளைத் தொல்பொருள் என்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான அதே நாள். அப்படிப்பட்டது கண்டெடுத்தவருக்குச் சேராது, அரசுக்குச் சேரும். நீண்ட தண்டு, மேலே பெரிய வளையம், வளையத்துக்குக் கீழே மரக்கட்டை இருந்து உக்கிப்போன இடம், இப்படி ஒன்றைப் பார்த்தால் கையை வைக்காதீர்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலோ கத்தியோ வைத்துப் படம் எடுங்கள், புள்ளியைக் குறியுங்கள், தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

கல்லையும் அலட்சியம் செய்யவேண்டாம். காலித் துறைமுகத்தில் அராபிய, இந்தியக் கப்பல்கள் விட்ட கல் நங்கூரங்கள் கிடைத்திருக்கின்றன. மேலே கயிற்றுக்கு ஒரு துளை, கீழே மரக் கொழுக்கி செருகச் சதுரத் துளைகள். துளை இல்லாவிட்டால் அது அநேகமாக வெறும் கல்தான். அதே காலியில்தான் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் பொறித்த கல்வெட்டு மதகு மூடியாகக் கிடந்து 1911இல் கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன்மேல் எத்தனை வண்டி ஓடியதோ.

ஜனவரி 21, இரவு 9.05

பழைய இரும்பை ஏன் தொடக்கூடாது என்று சொல்ல விட்டுவிட்டேன். நூறு இருநூறு ஆண்டு கடலில் கிடந்த இரும்புக்குள் உப்பு ஊறியிருக்கும். வெளியே எடுத்துக் காயவிட்டால் அது வெங்காயம்போல் தோல் தோலாகக் கழன்று விழும். காரத் தண்ணீரில் மாதக் கணக்கில் ஊறவைத்து உப்பை இழுக்க வசதி உள்ளவர்கள்தான் எடுக்கவேண்டும்.

ஜனவரி 23, காலை 7.30

இன்றைய நங்கூரத்தைச் சுத்தம் செய்வது. எடுத்த அன்றே, ஈரம் காயும் முன் சிப்பியைச் சுரண்டுங்கள். மறுநாள் அது சீமெந்து, அதற்கடுத்த நாள் அயலவர் சண்டைக்கு வருவார். வினாகிரி ஊற்றினால் சிப்பி கரையும், கூடவே நாக முலாமும் கரையும். முலாம் மிச்சம் இருந்தால் நல்ல தண்ணீரும் கம்பித் தூரிகையும் போதும்.

முலாம் போய் வெறும் துரு என்றால் மின்சார முறை. பிளாஸ்டிக் பீப்பா, 5 லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா (அப்பச் சோடா அல்ல). 12 வோல்ட் பற்றரி சார்ஜரின் மறைமுனை நங்கூரத்தில், நேர்முனை பழைய இரும்புத் தகட்டில். இரண்டும் தொடக்கூடாது. ஒரு நாள் விட்டால் துரு கறுப்புச் சேறாகி விழும். நேர்முனையில் துருப்பிடிக்கா உருக்கைத் தொங்கவிடாதீர்கள், தண்ணீர் மஞ்சளாகி நச்சுக் குரோமியம் வரும். உப்பும் போடாதீர்கள், குளோரின் வரும். ஐதரசன் கிளம்புவதால் மூடிய அறையில் வேண்டாம்.

திரும்ப முலாம் பூசக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நாகத் தொட்டி 450 பாகை. கலப்பை வடிவ நங்கூரங்கள் சிலவற்றில் முனைக்குள் ஈயம் ஊற்றியிருக்கும். ஈயம் 327இல் உருகும். சொல்லாமல் கொடுத்தால் முனை வெறுங்கூடாகத் திரும்பி வரும், தொட்டிக்காரரும் உங்களைத் தேடி வருவார்.

ஜனவரி 26, மாலை 4.00

அடுத்த நங்கூரம் தொலையாமல் இருக்க. பாரில் போடுகிறவர் சங்கிலியைத் தலை வளையத்தில் ஷக்கிள் போடாமல், அடியில், கொழுக்கி சேருகிற இடத்தில் போடவேண்டும். பிறகு சங்கிலியைத் தண்டோடு மேலே கொண்டுவந்து, தலை வளையத்தில் மெல்லிய நூலால் கட்டவேண்டும். சாதாரண இழுப்பை நூல் தாங்கும். மாட்டிக்கொண்டால் நேர் மேலே வந்து இழுங்கள், நூல் அறும், இழுப்பு அடிக்கு மாறும், கொழுக்கி வந்த வழியே பின்னால் கழன்று வரும்.

நூல் எத்தனை சுற்று என்பது படகைப் பொறுத்தது. கரையில் ஒரு கட்டையில் கட்டி இழுத்துப் பாருங்கள். ஒருவர் நின்று இழுத்தால் அறக்கூடாது, இரண்டு பேர் உதறி இழுத்தால் அறவேண்டும். ஒவ்வொரு முறையும் புது நூல்.

மிதவை கட்டிய இன்னொரு கயிற்றை அடியில் போடுகிற முறையும் உண்டு. ஆழத்துக்கு மேல் 2 மீற்றர் போதும். வேலை செய்யும். ஆனால் “நங்கூரம் இங்கே, எடுத்துக்கொண்டு போ” என்று பலகை நட்ட மாதிரி.

ஜனவரி 26, மாலை 4.25

நூல் முறையை இரவு தங்கலுக்குப் பாவிக்காதீர்கள். அலை உதறலில் நூல் தானே அறுந்தால் நங்கூரம் பிடி விடும், நீங்கள் நித்திரையில் இருப்பீர்கள். ஆள் விழித்திருக்கிற மீன்பிடிக்கு மட்டும்.

பெப்ரவரி 2, இரவு 7.50 (கேட்டவர்)

இன்று போனோம். காற்றே இல்லை. புள்ளியிலிருந்து கிழக்கே 55 மீற்றரில் இரண்டாவது ஓட்டத்தில் மாட்டியது. இழுத்தால் பச்சைக் கயிறு. நங்கூரம் 10 கிலோவாவது இருக்கும், தண்டில் மூன்று அரவெட்டு. என்னுடையது அல்ல. மூன்றாவது, நாலாவது ஓட்டம் வெறுமை. பிறகு கடற்காற்று எழும்பிவிட்டது.

பெப்ரவரி 2, இரவு 8.30

ஒரே பாரின் ஒரே ஓரம், எல்லோரும் அங்கேதான் போடுவார்கள். 1917 பெப்ரவரியில் ஜேர்மன் போர்க்கப்பல் வூல்ஃப் கொழும்புக்கு வெளியே விதைத்த கண்ணிவெடியில் தாழ்ந்த வூஸ்டர்ஷயர், பேர்சியஸ் கப்பல்களின் மேலும் இதே கதைதான். மீன் அங்கே, அதனால் நங்கூரமும் வலையும் அங்கே. வூஸ்டர்ஷயர் 50 மீற்றருக்கும் கீழே கிடப்பதால் அதில் மாட்டியதைக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம்.

மூன்று வெட்டு நங்கூரத்தை இறங்குதுறையில் காட்டுங்கள்.

உங்களுடையதற்கு ஒரு யோசனை. புள்ளி வைத்தபோது மணி என்ன?

பெப்ரவரி 2, இரவு 8.41 (கேட்டவர்)

பத்தே முக்கால்.

பெப்ரவரி 2, இரவு 8.44

அப்படியென்றால் கிழக்கே அல்ல, மேற்கே 55. சித்திரை கழிந்தால் சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்பிவிடும், அதற்குப் பிறகு ஐப்பசி கழியும்வரை அந்தப் பக்கம் தலைவைக்க முடியாது. காற்று விழுகிற அடுத்த விடியலிலேயே போங்கள். தண்டு தாழ்ந்திருக்கலாம், இந்த முறை ஈயத்தை 15 மீற்றருக்கு இறக்குங்கள்.